அப்பாவுக்கு வசனம் புரியவேண்டும்: சவுண்ட்பாரா, தனித்தனிப் பெட்டிகளா?

மாட்டுத்தாவணி (மதுரை), வெள்ளி இரவு 10:15

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் வாடகை வீடு, முதல் மாடி. அப்பாவுக்கு 72 வயது. ராத்திரி சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்கு ஒரு படம் போட்டு உட்காருவதுதான் அவருக்கு இருக்கிற பெரிய சந்தோஷம். ஆனால் ஆறு மாதமாகப் பாதிப் படத்திலேயே எழுந்து போய்விடுகிறார். கேட்டால் தூக்கம் வருகிறது என்பார். போன வாரம்தான் அம்மா சொன்னார்கள்: வசனம் அவருக்குப் புரியவில்லையாம், "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று எங்களை நச்சரிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்து போகிறாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

டிவி சத்தத்தைக் கூட்டினால் பாட்டும் சண்டையும் வீட்டைத் தூக்குகிறது. குறைத்தால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு மட்டுமில்லை, மின்விசிறி ஐந்தில் ஓடும்போது எனக்கே சில வசனம் தப்பிவிடுகிறது.

ஹால் அளவு சொல்லிவிடுகிறேன். 11 அடி அகலம், 14 அடி நீளம். 11 அடிச் சுவரில் டிவி இருக்கிறது, 43 இன்ச், 2019-ல் வாங்கியது. சோபா அதிலிருந்து சரியாக 10 அடி. சோபாவுக்குப் பின்னால் மூன்றரை அடி இடம் விட்டு பால்கனிக் கதவு. வலது பக்கம் சுவரும் ஜன்னலும். இடது பக்கம் சுவரே கிடையாது, அப்படியே சாப்பாட்டு இடத்துக்குத் திறந்துவிடும். மேலே சமதளமான கான்கிரீட், 10 அடி உயரம், நடுவில் விசிறி. தரை முழுக்க டைல்ஸ். பின்பக்கம் ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் வலது மூலையில். சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார்.

தம்பி 2011-ல் வாங்கிய 5.1 செட் ஒன்று பரணில் கிடக்கிறது. டிவியின் ஒலியை வாங்கிப் பெட்டிகளுக்குப் பிரித்து அனுப்பும் ரிசீவர், முன்னால் வைக்க இரண்டு மரப்பெட்டி, நடுப்பெட்டி, பின்னால் வைக்கக் குட்டியாக இரண்டு, கனத்த ஒலிக்கு ஒரு சப்வூபர். ஐந்து பெட்டியும் ஒரு சப்வூபரும் என்பதால்தான் 5.1. அவன் வேலைக்காகப் பெங்களூரு போனபோது இங்கேயே விட்டுப் போனான். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் இடி விழுந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே ஒயரில் போகிற துளை) போய்விட்டது. அந்த போர்டு இப்போது வருவதில்லை என்று சர்வீஸ் சென்டரில் சொன்னதும் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம்.

கையில் 35,000 ரூபாய் வரைக்கும் இருக்கிறது. ஒரு கடையில் டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஒற்றை சவுண்ட்பாரைக் காட்டி, இது ஒன்றே போதும், சத்தம் சுற்றிச் சுற்றி வரும் என்றார்கள். இன்னொரு கடையில் 1,000 வாட் என்று எழுதிய அட்டைப்பெட்டியைத் தட்டிக் காட்டினார்கள். தம்பி போனில், "அக்கா, பார் எல்லாம் வாங்காதே, ரிசீவரை மட்டும் புதிதாக மாற்று" என்கிறான். எதை நம்புவது? சவுண்ட்பார் உண்மையிலேயே பழைய மாதிரி தனித்தனிப் பெட்டிகளுக்கு ஈடாகுமா?

ஓட்டுவீடு (நாகர்கோவில்), வெள்ளி இரவு 11:02

சகோதரி, என் அனுபவத்தைச் சொல்கிறேன். போன வருடம் மேல்நோக்கி ஒலிக்கிற ஸ்பீக்கர் உள்ள அட்மாஸ் பார் வாங்கினேன். மழை வந்தால் தலைக்கு மேல் பெய்யும் என்றார்கள். எங்கள் வீடு ஓட்டு வீடு, கூரை சரிந்து இறங்கும். அந்த ஸ்பீக்கர் கூரையில் அடித்துத் திரும்பி நம்மிடம் வந்தால்தானே மேலே கேட்கும்? சரிவில் பட்டு எங்கோ போய்விடுகிறது. தலைக்கு மேல் ஒன்றுமே கேட்கவில்லை. அந்தக் காசுக்குப் பின்னால் வைக்கும் இரண்டு பெட்டி உள்ள செட்டை எடுத்திருக்கலாம். உங்கள் வீட்டில் கான்கிரீட் என்பதால் இது வேலை செய்யலாம், ஆனால் முதலில் பின் பெட்டியைப் பாருங்கள்.

பீளமேடு (கோவை), சனி காலை 6:40

அம்மா, நான் 16 வருடமாக வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் ஒயர் இழுத்துப் பொருத்திக் கொடுக்கும் வேலை செய்கிறேன். நீங்கள் ஹாலை அளந்து எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னிடம் வருகிறவர்கள் வாட் எவ்வளவு என்று கேட்பார்கள், சேனல் (தனித்தனி ஒலித்தடம்) எத்தனை என்று கேட்பார்கள். சோபாவுக்குப் பின்னால் எத்தனை அடி இருக்கிறது, பிளக் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். என்னைக் கேட்டால் அதிலேயே பாதி முடிவு இருக்கிறது.

அதற்கு முன் அப்பா விஷயம். எது வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போய்க் கேட்கும் திறன் சோதனை செய்துவிடுங்கள். வயதாகும்போது முதலில் குறைவது மேல் ஸ்தாயி. உயிரெழுத்தின் ஓசை கீழே இருப்பதால் அது கேட்டுவிடும். க, ச, ட, த, ப என்று நம் வல்லின எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் அந்தச் சின்ன வெடிப்பும் சீறலும் பெரும்பாலும் மேலே இருக்கிறது. அதனால்தான் "சத்தம் கேட்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல" என்பார்கள். என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஒரு வருடம் நான் டிவியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது டிவி. மெல்லிய டிவியில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். சத்தம் மேஜையிலோ சுவரிலோ அடித்து மழுங்கித்தான் வரும். படத்தின் 5.1 கலவையில் வசனத்தில் பெரும்பகுதி நடு சேனலில் தனியாக இருக்கும். டிவியில் இரண்டே ஸ்பீக்கர் என்பதால் அந்த நடு சேனலைப் பிரித்து, இசையும் வெடிச்சத்தமும் போகும் இடது வலதிலேயே கலந்துவிடுவார்கள். அதற்கப்புறம் பேச்சை மட்டும் கூட்ட வழி கிடையாது. ஆகவே உங்கள் வீட்டுக்கு முதல் தேவை, முகத்தைப் பார்த்து ஒலிக்கிற தனி நடு ஸ்பீக்கர். பாரில் இருந்தாலும் சரி, மரப்பெட்டியில் இருந்தாலும் சரி, அது கண்டிப்பாக வேண்டும். 2.0, 2.1 என்று எழுதிய பாரில் அது இருக்காது. 3.1, 5.1 என்று எழுதியதில்தான் இருக்கும்.

ஒற்றைப் பாரே சுற்றிச் சுற்றி வரும் என்று கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. 2000-களின் நடுவில் யமஹா ஒய்எஸ்பி-1 என்று ஒன்றை விட்டது. ஒரே பெட்டிக்குள் 40 சின்ன ஸ்பீக்கர், இரண்டு பெரிய ஸ்பீக்கர். அந்த நாற்பதையும் நூலளவு தாமதம் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, டார்ச் வெளிச்சம் மாதிரி சத்தத்தைக் குவித்துப் பக்கச் சுவரில் அடித்துப் பின்னாலிருந்து வருவதாகக் கேட்க வைத்தார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டாக்டர் வீட்டில் அதைப் பொருத்திக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்த அறை நாலு பக்கமும் சுவர் உள்ள செவ்வகம். உங்கள் ஹாலில் இடது பக்கம் சுவரே இல்லை. அந்தப் பக்கம் அடித்த சத்தம் சாப்பாட்டு மேஜைக்குப் போய்விடும், திரும்பி வராது. சுவரே தேவையில்லை, காதை ஏமாற்றும் கணக்கு உள்ளே இருக்கிறது என்று சில பார்கள் சொல்லும். அது நேர் நடுவில் உட்கார்ந்த ஒருவருக்கு ஓரளவு பலிக்கும், பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தால் கலைந்துவிடும். காதுமடல் ஆளுக்கு ஆள் வேறு, அந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது.

பழைய முறைப்படி பார்த்தால் முன் இடது, வலது பெட்டிகள் உட்காருகிறவருக்கு 60 பாகை விரிந்து இருக்கவேண்டும். ஒவ்வொரு பெட்டியும் உங்களிடமிருந்து 10 அடி என்றால் இரண்டு பெட்டிக்கும் நடுவே 10 அடி வேண்டும். மூன்றடி நீளமுள்ள பார் அதே தூரத்தில் 17 பாகைதான் விரியும். இதனால் பாட்டு கேட்கும்போது பார் சின்னதாகத் தெரியும், மரப்பெட்டி அகலமாகத் தெரியும். இதை எந்த பட்டனை அழுத்தியும் முழுதாக மாற்ற முடியாது. உங்கள் 11 அடிச் சுவரில் கதவு, ஷோகேஸ் போக எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ பாருங்கள். வசனத்துக்கு அகலம் தேவையில்லை, அங்கே பார் எந்தக் குறையும் வைக்காது.

பின் பெட்டி. 5.1 அமைப்பில் அவை காதுக்கு நேர் பக்கத்திலோ, அதிலிருந்து கொஞ்சம் பின்னாலோ, 90-லிருந்து 110 பாகைக்குள் இருக்கவேண்டும், காது உயரத்தை விடச் சற்று மேலே. சோபாவுக்குப் பின்னால் மூன்றரை அடி இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். நான் பார்க்கிற வீடுகளில் பத்தில் ஏழில் சோபா சுவரோடு ஒட்டியிருக்கும்.

'ஒயர்லெஸ்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பார் செட்டுகளில் நான் பார்த்தவை நாலு விதம். முன்னால் இருக்கும் சப்வூபரிலிருந்தோ பாரிலிருந்தோ நேராக ஒயர் பின்னால் வருவது ஒரு விதம். விலை குறைவு, ஆனால் நீங்கள் நடக்கிற வழியில் ஒயர் கிடக்கும். இன்னொன்றில் பின்னால் ஸ்பீக்கரை இயக்குகிற ஒரு சின்ன ஆம்ப் பெட்டி இருக்கும். அதற்கு மட்டும் ஒரு பிளக், அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் மெல்லிய ஒயர். மூன்றாவதில் இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனி பிளக். நாலாவதில் பாட்டரி, படம் முடிந்ததும் கழற்றிப் பாரின் இரு முனையிலும் செருகினால் சார்ஜ் ஏறிக்கொள்ளும். அது விலை கூட. உங்களுக்குப் பின்னால் ஒரே பிளக் என்பதால் இரண்டாவது விதம்தான் அளவெடுத்துத் தைத்த மாதிரி. பால்கனிக் கதவின் நிலையைச் சுற்றி ஒயரை ஒட்டுத்தாளில் ஒட்டிவிடலாம், ஓட்டை தேவையில்லை.

வாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய பத்து மடங்கு வாட் வேண்டும். 500-க்கும் 1,000-க்கும் உங்கள் ஹாலில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கடைசியாக, காசு செலவு செய்வதற்கு முன் பரணில் இருப்பதை இறக்குங்கள். எச்டிஎம்ஐ செத்தால் ரிசீவர் செத்ததாக அர்த்தமில்லை. பின்னால் 'ஆப்டிகல்' என்று சதுரமாக ஒரு துளை இருக்கும், டிவியிலும் இருக்கும். அந்த ஒயர் சில நூறு ரூபாய். அதில் மின்சாரம் போகாது, வெளிச்சம்தான் போகும். 5.1 ஒலியைச் சுருக்கி அனுப்புகிற முறையான டால்பி டிஜிட்டல் அதில் தாராளமாகப் போகும். டிவியின் ஒலி செட்டிங்கில் 'பிசிஎம்' என்று இருந்தால் ஆப்டிகலில் வெறும் ஸ்டீரியோதான் வெளியே வரும். 'டால்பி டிஜிட்டல்' என்றோ 'பிட்ஸ்ட்ரீம்' என்றோ மாற்றுங்கள். நடுப்பெட்டியை மட்டும் முதலில் இணைத்து அப்பாவை உட்கார வைத்துப் பாருங்கள். அவருக்குத் தேவை நடு சேனல்தானா என்பது ஒரு படத்தில் தெரிந்துவிடும்.

மாட்டுத்தாவணி, ஞாயிறு இரவு 11:50

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் பரணிலிருந்து இறக்கினோம். நீங்கள் சொன்ன மாதிரியே டிவியில் பிசிஎம் என்றுதான் இருந்தது. மாற்றியதும் ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் என்று எழுத்து எரிந்தது. முன் பெட்டி இரண்டும் நடுப்பெட்டியும் மட்டும்தான் இணைத்தோம். நடுப்பெட்டியை மட்டும் நாலு புள்ளி கூட்டி வைத்தேன்.

இன்றைக்கு அப்பா படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரு தடவைகூட எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் படத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் சில சிக்கல். சப்வூபரின் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் தொட்டதும் மாவாக உதிர்ந்துவிட்டது. பின் பெட்டிக்கான ஒயரை வீடு மாறும்போது வெட்டியிருக்கிறோம். அதைவிடப் பெரியது ரிமோட். டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ரிசீவருக்கு ஒன்று. பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். கரண்ட் போய் வந்தால் ரிசீவர் வேறு இன்புட்டில் நிற்கிறது, அம்மாவுக்கு அதை மாற்றத் தெரியவில்லை. மதியம் சத்தமே வராமல் ஊமைப்படம் பார்த்ததாகச் சொன்னார்கள்.

பழைய ரிசீவர் (சென்னை), திங்கள் காலை 8:20

அக்கா, நீங்கள் பெட்டிகளை விட்டுவிடக்கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருக்கும் முன் பெட்டிகள் 2006-ல் வாங்கியவை. இதுவரை மூன்று ரிசீவர் மாறிவிட்டது, பெட்டி அதேதான். ஃபோம் உதிர்ந்தது என்று பயப்படவேண்டாம். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஃபோம் பத்து வருடம் தாண்டுவதே பெரிய விஷயம். அளவைச் சொன்னால் சென்னை ரிச்சி தெருவில் ரிங் மட்டும் தனியாகக் கிடைக்கும், பழைய பிசினைச் சுரண்டிவிட்டு ஒட்டத் தெரிந்த கைகள் மதுரையிலும் இருக்கும். ரப்பர் ரிங் கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள், நீண்ட நாள் உழைக்கும்.

சவுண்ட்பாரில் ஆம்ப், சுருக்கிய ஒலியைப் பிரிக்கிற டீகோடர், எச்டிஎம்ஐ, ஸ்பீக்கர் எல்லாம் ஒரே உடம்புக்குள். உங்கள் ரிசீவருக்கு நடந்தது பாருக்கு நடந்தால் ஸ்பீக்கர்கள் நன்றாக இருந்தாலும் மொத்தமாகத் தூக்கிப் போடவேண்டிவரும். எங்கள் அடுக்குமாடியில் எனக்குத் தெரிந்தே மூன்று பார்கள் அப்படிப் போயிருக்கின்றன. இடி இடிக்கும்போது எல்லாரும் பிளக்கைக் கழற்றுகிறார்கள், கேபிள் டிவி ஒயரை மறந்துவிடுகிறார்கள். அந்த ஒயர் வழியாக வந்து செட்டாப் பாக்ஸ், டிவி, அங்கிருந்து எச்டிஎம்ஐ என்று வரிசையாகச் சுட்டுவிடும். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும்.

அப்புறம், பாட்டு. ஒரு நல்ல ஜோடி மரப்பெட்டியில் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்கிற சுகத்தை என் காதுக்கு உங்கள் பட்ஜெட்டில் எந்தப் பாரும் தரவில்லை. ஐந்தரை இன்ச், ஆறரை இன்ச் கூம்பு தள்ளுகிற காற்றை பாரில் உள்ள இரண்டு இன்ச் கூம்பு எப்படித் தள்ளும்? தபேலாவின் இடது கை டக்காவின் உருட்டலும் வலது கையின் சுண்டலும் ஒரே இடத்திலிருந்து வரவேண்டும். பார் செட்டில் ஒன்று சப்வூபரிலிருந்தும் மற்றது பாரிலிருந்தும் வரும். உங்கள் தம்பி சொல்வது சரி. நுழைவு விலை 5.1 ரிசீவர் ஒன்றை வாங்குங்கள், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டிக் குறைக்கும் வசதி அதிலும் உண்டு.

பீளமேடு, திங்கள் மதியம் 1:30

பழைய ரிசீவர் தம்பி சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். என் வீட்டில் இருப்பதும் மரப்பெட்டிதான். சொந்த வீடு, கட்டும்போதே சுவருக்குள் பைப் போட்டு ஒயர் இழுக்க முடிகிற இடம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் இது வாடகை வீடு, பகலில் இரண்டு பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள். டிவியின் ஒலியை வெளியே அனுப்புகிற எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையில் பாரைச் செருகிவிட்டால், டிவியைப் போட்டதும் பார் தானே எழுந்துகொள்ளும். டிவி ரிமோட்டின் சத்தம் பட்டனே பாரையும் நடத்தும். புது ரிசீவரிலும் இது உண்டு, ஆனால் முன் மூன்று பெட்டி ஒயர், பின் பெட்டிக்கு 25 அடி ஒயர், சூடு வெளியேற ரிசீவருக்கு மேல் நாலு விரல் காற்றிடம், அடுத்த வீட்டுக்கு மாறும்போது எல்லாவற்றையும் மறுபடி கட்டுவது, இதெல்லாம் சேர்த்து யோசிக்கவேண்டும்.

ஏஆர்சி விஷயத்தில் கடையில் குழப்புவார்கள். உங்கள் 2019 டிவியில் வெறும் ஏஆர்சி இருந்தாலே ஓடிடியில் வருகிற டால்பி டிஜிட்டல் ப்ளஸ், அட்மாஸ் உட்பட, போக முடியும். அதன் புது வடிவமான இஏஆர்சி முக்கியமாகத் தேவைப்படுவது ப்ளூரேயில் உள்ள, சுருக்கினாலும் தரம் சிதையாத ட்ரூஎச்டி மாதிரியான ஒலியை டிவி வழியாக அனுப்பும்போதுதான். உங்களிடம் ப்ளூரே இல்லை என்றால் அதற்காக டிவியை மாற்றவேண்டாம். பென்டிரைவில் படம் போடுகிற வழக்கம் இருந்தால் மட்டும் ஒன்று கவனியுங்கள். சில டிவிகள் டிடிஎஸ் என்கிற வகை ஒலியை வெளியே விடாது, படம் ஓடும், சத்தம் வராது. அது பாரின் கோளாறு இல்லை.

பட்ஜெட்டுக்கு என் யோசனை: மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். ஏழரை அடியிலிருந்து 12 அடி வரை சமதளமான கூரை அதற்கு ஏற்றது, உங்களுடையது அந்த அளவுக்குள்தான் வருகிறது. ஆனால் ஒலி கூரையில் பட்டுத் திரும்புகிற இடம் டிவிக்கும் சோபாவுக்கும் நடுமத்தியில். அங்கேதான் உங்கள் விசிறி சுற்றுகிறது. மதுரையில் விசிறியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனி நடு ஸ்பீக்கர், நிஜமான பின் பெட்டி இரண்டு, சப்வூபர், ஒற்றை பிளக் ஆம்ப். இவ்வளவு போதும். அப்பாவைக் கூட்டிப்போங்கள். வீட்டில் அவருக்குப் புரியாமல் போன காட்சியையே கடையில் போடச் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி, மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5:10

சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் காது டாக்டரிடம் போனோம். இரண்டு காதிலும் மேல் ஸ்தாயியில்தான் குறைவு, பீளமேடு ஐயா சொன்னது அப்படியே காகிதத்தில் கோடாக இறங்கியிருந்தது. காது கருவி வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அப்பா முதலில் முகம் சுளித்தார், இப்போது சரி என்றுவிட்டார். அடுத்த மாதம் அளவு எடுக்கிறார்கள்.

கடைக்கு அப்பாவும் வந்தார். மூன்று செட் கேட்டோம். முதலில் போட்டது 5.1 என்று எழுதிய ஒற்றைப் பார். கடைக்காரர் ஹெலிகாப்டர் காட்சியைப் போட்டார், எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்பா, "சத்தம் பெரிசா இருக்கு, பேச்சு போடுங்க" என்றார். பேச்சுக் காட்சியில் பழையபடி தடுமாறினார். பின் பெட்டியும் சின்ன ஆம்பும் உள்ள செட்டில் வசனத்துக்கென்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தியதும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். 27,000 ரூபாய்க்கு அதையே எடுத்தோம்.

வீட்டில் முதல் நாள் ஏமாற்றமாக இருந்தது. சப்வூபரை இடம் இருக்கிறதே என்று சாப்பாட்டு மேஜைப் பக்க மூலையில் வைத்தோம். கனத்த ஆண் குரல் எல்லாம் மேஜைக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஐயாவுக்கு எழுதிக் கேட்டேன். பாரின் கூம்பு சின்னது என்பதால் 150 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே வேலையை சப்வூபரிடம் தள்ளிவிடும், ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது, 80-க்குக் கீழே போனால்தான் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, அதனால் டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றார். டிவி ஸ்டாண்டுக்கு வலது பக்கம், பாரிலிருந்து ஒன்றரை அடியில் நகர்த்தினேன். குரல் திரைக்கு வந்துவிட்டது. சப்வூபர் அளவை நடுவுக்கு மூன்று கீழே வைத்திருக்கிறேன், கீழ்வீட்டில் இதுவரை எதுவும் சொல்லவில்லை.

பின் பெட்டிகளை இரண்டு ஸ்டூல் மேல் வைத்து டேப்பால் அளந்தேன். அப்பா உட்காரும் இடத்திலிருந்து இரண்டும் நாலரை அடி. கதவு நிலையைச் சுற்றி ஒயர் ஒட்டியாகிவிட்டது. தரையில் அம்மாவின் பழைய பவானி ஜமக்காளத்தை விரித்தோம். டைல்ஸில் பட்டு வந்த கணகணப்பு குறைந்து பேச்சு இன்னும் துலங்குகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஐயா, அடுத்தவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், ஒரு பைசா செலவில்லை. பின்னாலிருந்து வரும் சத்தம் அப்பாவுக்கு வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். நேற்று ஒரு கல்யாண வீட்டுக் காட்சியில் பின்னால் யாரோ சிரித்ததும் திரும்பிப் பால்கனியைப் பார்த்தார், அப்புறம் அவரே சிரித்தார்.

அம்மா டிவி ரிமோட் ஒன்றோடு எல்லாவற்றையும் நடத்துகிறார்கள்.

பழைய ரிசீவர் தம்பிக்கு ஒரு செய்தி. பெட்டிகளை விடவில்லை. அப்பா அறையில் பழைய ரிசீவரையும் இரண்டு மரப்பெட்டியையும் மேஜை மேல் வைத்துக் கொடுத்துவிட்டோம், போனிலிருந்து ஒரு ஒயர் போட்டு. காலையில் காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பழைய பாட்டுக் கேட்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை, பாட்டுக்குப் பார் கிட்டேகூட வரவில்லை. சப்வூபருக்கு ரிங் போட ஆள் பார்த்திருக்கிறேன், எட்டு இன்ச்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு இடி இடித்தது. நான் எழுந்து ஹாலுக்கு ஓடினால், அப்பா எனக்கு முன்பே வந்து பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு, கேபிள் ஒயரையும் செட்டாப் பாக்ஸிலிருந்து திருகி எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டிருந்தார்.